பேரிக்காய்க்கு மிளகாய்த்தூள் போட்டது யார்?

பரமேஸ்வரி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, நான் பங்களாச் சமையலறையில் பேக்கரியில் வாங்கிய அச்சுப்பாணைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வாங்கிய பாணை நாளைக்குத்தான் தொட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். அன்று அவருக்கு லீவு. மறுநாள் காலை வந்து கேட்பாரே என்று முன்கூட்டியே வாங்கியிருந்தேன். அவர் மகள் கவிதா ஆஸ்பத்திரியிலிருந்து பேசினாள். "மாமா, அம்மா நெஞ்சு வலிக்குதுன்னாங்க. கொண்டாந்து சேத்தோம். போயிட்டாங்க மாமா." "பாண் வாங்கிட்டேனே" என்று ஏதோ உளறினேன்.

பதினாறாம் நாளில் வாசிக்க நாலு வார்த்தை எழுதித் தரச் சொன்னாள் கவிதா. மேசையில் பரிமாறுகிறவனுக்குப் பேச வரும், எழுத வராது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும். காரணம் கடைசியில் தெரியும்.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே பழைய தேயிலைத் தோட்டத்துத் துரை இருந்த பங்களா, சுற்றுலாக்காரர் தங்கும் இடமாக மாறியது உங்களுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கொழுந்து பறித்த பரமேஸ்வரி, அங்கே சமையல்காரருக்கு உதவியாக வந்தார். அந்தப் பெரியவர் மகனோடு இருக்கப் போனதும் அடுப்பு இவர் கைக்கு வந்தது. காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போய் நின்றவள் பங்களா அடுப்படியில் நிற்கிறாளா என்று லயத்து வீடுகளில் சிலருக்கு வயிற்றெரிச்சல். அவர்களும் இன்று இங்கே உட்கார்ந்திருப்பார்கள். உட்காரட்டும், வடை சாப்பிடட்டும்.

ஒரு நாள் கொழும்பிலிருந்து முதலாளியம்மா வந்தார். கைபேசியில் ஒரு படம் காட்டினார். சுட்ட பாண், நடுவில் மெத்தென்று வெள்ளைச் சீஸ், மெல்லிய பேரிக்காய்த் துண்டுகள். "வர்றவங்க எல்லாம் இப்ப இப்படித்தான் கேக்குறாங்க. அடுத்த முறை நான் விருந்தாளிகளோட வருவேன். இதை நல்லாச் செஞ்சு காட்டினா அடுப்பு உனக்குத்தான். இல்லாட்டி கொழும்புல இருந்து ஒரு செஃப் வருவார், நீ மரக்கறி வெட்டிக் குடுக்கலாம்" என்றார். பரமேஸ்வரி தலையை ஆட்டினார். முதலாளியம்மா போனபிறகு என்னைப் பார்த்து, "அண்ணே, மரக்கறி வெட்டுறதுக்கா நான் கொழுந்து மலைய விட்டு வந்தேன்?" என்றார்.

மறுநாளே வேலையில் இறங்கிவிட்டார். லயத்திலிருந்து பசும்பால் வாங்கிக் காய்ச்சி, தேசிக்காய் பிழிந்து திரிய வைத்து, வெள்ளைத் துணியில் கட்டி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார். "வீட்டுல பால் திரிஞ்சா மாமியார் ஊரைக் கூட்டுவாங்க. இங்க திரிஞ்ச பாலுக்கு எவ்வளவு மரியாதை பாருங்க" என்று சிரித்தார். வடிந்ததை உப்பும் பாலாடையும் சேர்த்துக் கையாலேயே பிசைந்து வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவந்தார். முதல் நாள் புதுப் பாண் எடுத்தோம்; நனைந்து கூழாகிவிட்டது. அன்று பிறந்ததுதான் அந்தப் பாண் சட்டம். பாணின் வெளிப்பக்கம் பட்டர் தடவி, தோசைக்கல்லில் சின்னத் தீயில் வைத்து, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து, அதன்மேல் கொழுந்து நிறுக்கிற பழைய எடைக்கல்லைத் தூக்கி வைப்பார். "இது என்னைய அழுத்தின கல்லு அண்ணே. இப்ப பாணை அழுத்தட்டும்." இறக்கிய உடனே வெட்ட விடமாட்டார். கொஞ்சம் ஆறவிட்டால்தான் சீஸ் உள்ளேயே நிற்கும். சூட்டோடு வெட்டினால் தட்டுக்கு ஓடிவிடும்.

முதலாளியம்மா இரண்டு விருந்தாளிகளோடு வந்த அன்று, பழம் வெட்டுகிற வேலை என்னுடையது. நான் பல வருடம் யாத்திரை சீசனுக்கு நல்லதண்ணிக்குப் போய், மச்சானின் கடையில் மலையேறுகிறவர்களுக்குப் பழம் வெட்டி விற்றவன். நம் ஆட்களுக்குப் பேரிக்காய் என்றால் உப்பும் மிளகாய்த்தூளும் போட்டுக் குலுக்க வேண்டும். வேறு மாதிரி அதைத் தின்னலாம் என்றே எனக்குத் தெரியாது. வாய் ஜன்னலுக்கு வெளியே நின்ற மெனேஜரோடு பேசிக்கொண்டிருந்தது. கை தன் பாட்டுக்கு வெட்டியது, மிளகாய்த்தூள் டப்பாவை எடுத்தது, தூவியது, குலுக்கியது.

பரமேஸ்வரி திரும்பிப் பார்த்தபோது பழமெல்லாம் சிவப்பு. வேறு பழம் இல்லை. அவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார், கண்ணை மூடி மென்றார். பிறகு கித்துள் பாணியை எடுத்துப் பழத்தின்மேல் நூலாக ஊற்றி, பாணுக்குள் வைத்துக் கல்லில் போட்டார். "காரத்துக்கு இனிப்பு இருக்குல்ல. ஒண்ணும் ஆகாது, நீங்க தட்டை எடுங்க" என்றார்.

மேசையில் வைத்தேன். முதலாளியம்மா ஒன்றைப் பிரித்துப் பார்த்தார். பக்கத்தில் நின்ற மெனேஜரின் முகம் மாறியது. பரமேஸ்வரியைக் கூப்பிட்டு, "இதுக்குள்ள மிளகாய்த்தூளா? யார் போட்டது?" என்று கத்தினார்.

நான் தட்டோடு பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறந்திருந்தால் எனக்கு ஒரு திட்டு, அவ்வளவுதான். பழி அவர்மேல் விழுந்தால் அன்றைக்கே அடுப்புப் போகும். அது இரண்டு பேருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

"நான்தான் சேர்" என்றார் பரமேஸ்வரி.

முதலாளியம்மா கையைக் காட்டி மெனேஜரை நிறுத்தினார். ஒரு கடி கடித்தார். இன்னொரு கடி. விருந்தாளிகளும் சத்தமில்லாமல் சாப்பிட்டார்கள். தட்டு காலியானதும் அதே கேள்வியை முதலாளியம்மா மறுபடி கேட்டார், வேறு குரலில். "உண்மையச் சொல்லு, யாரோட யோசனை இது?"

"ராமையா அண்ணன்தான் மேடம் போட்டாரு" என்றார் பரமேஸ்வரி.

செஃப் வரவில்லை. அடுப்பு அவருக்கே ஆனது. மெனு அட்டையில் அந்தப் பண்டத்துக்கு 'ராமையா சாண்ட்விச்' என்று பெயர் வைத்தார்கள். இந்த மலையில் அதைவிட நல்ல சாண்ட்விச் கிடையாது, அடித்துச் சொல்வேன். வெளிநாட்டுக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு என் கையைக் குலுக்குவார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன். ஒரு தரமாவது சமையலறைப் பக்கம் கையைக் காட்டினேனா? இல்லை. வெட்கமாக இருக்கிறது.

ஏன் இரண்டு விதமாகச் சொன்னாய் என்று ஒருமுறை கேட்டேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "என் அடுப்புல இருந்து போற தட்டுக்கு நான்தானே பதில் சொல்லணும்? ருசி உங்க கையில வந்தது. அத நான் எப்படி எடுத்துக்கிறது?" என்றார். ஏதோ உப்புப் போதுமா என்று கேட்கிற மாதிரிச் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி அவர் பேசவே இல்லை.

எடைக்கல்லைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டேன், அது அவள் அம்மாவுடையது. பாண் சட்டம் சமையலறையில் அப்படியே இருக்கிறது. நான் இருக்கும்வரை மாறாது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவர் சொன்ன ஒரே ஒரு சொல்.

போன வாரம் மெனு அட்டைகள் எல்லாவற்றையும் எடுத்து, பேனாவால் என் பெயரை வெட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'பரமேஸ்வரி சாண்ட்விச்' என்று எழுதினேன். மதியம் மெனேஜர் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். சாப்பாட்டறையில் விருந்தாளிகள் நிறைய. "அட்டையெல்லாம் கிறுக்கி வச்சிருக்கு. யார் செஞ்சது?" என்று கத்தினார்.

"நான்தான் சேர்" என்றேன்.