ஆன்ட்டி டிஜி பதினெட்டு

தாலிச்சரடு கழுத்தில் இடறியபோதுதான் கவனித்தேன், சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி. ஊசியால் திசு எடுத்துப் பார்த்துவிட்டுத் தைராய்டு புற்றுநோய் என்றார்கள். விழுப்புரத்தில் சுரப்பியை முழுவதும் எடுத்தார்கள். பிறகு கதிரியக்க அயோடினும் கொடுத்தார்கள்.

இதே பாதையில் நடப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். அறுவைக்குப் பிறகு நம்மைக் காவல் காப்பது தைரோகுளோபுலின் (தைராய்டு செல்கள் மட்டுமே சுரக்கும் புரதம்). சுருக்கமாக டிஜி. சுரப்பியே இல்லாதவளுக்கு அது இருக்கக் கூடாது. ஏறினால், நோய் எங்கோ ஒளிந்திருக்கலாம்.

போன முறை திண்டிவனத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தேன். மறுநாள் மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்த பெண் போன் செய்தாள்.

"ரிப்போர்ட் வந்துடுச்சுங்க. ஆன்ட்டி டிஜி பதினெட்டு..."

என்னையா ஆன்ட்டி என்கிறாள் என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. அப்புறம்தான் பதினெட்டு உறைத்தது. அதற்கு மேல் அவள் சொன்னது எதுவும் காதில் விழவில்லை. திரும்ப வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

"அழுதுக்கினே இருந்தா ஆச்சா? கெளம்பு, டாக்டராண்டயே கேட்டுடலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

லேபில் ரிப்போர்ட்டை வாங்கினோம். பிரித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. விழுப்புரம் வரை பஸ்ஸில் அவரும் அதைப் பிரிக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

டிஜி பதினெட்டாம் என்று நான் சொன்னதும் டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்தார். "பதினெட்டுன்னு யாரும்மா சொன்னது?"

"லேப் பொண்ணுதாங்க. ஆன்ட்டி, டிஜி பதினெட்டுன்னுச்சு."

அவர் சிரித்தேவிட்டார். "அது உங்கள கூப்பிடலம்மா. டெஸ்ட்டு பேரே ஆன்ட்டி டிஜி!"

ஆன்ட்டி டிஜி (தைரோகுளோபுலினுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்) வேறு பரிசோதனை. அது கூடுதலாக இருந்தால் டிஜி அளவை நம்ப முடியாது. அதனால் இரண்டையும் சேர்த்தே பார்ப்பார்களாம். அந்த லேபின் அளவுப்படி பதினெட்டு சாதாரணம். என் டிஜியோ கருவிக்கே அகப்படாத அளவு.

"காலைலேர்ந்து என்னா பேஜாரு பண்ணிட்ட!" என்றார் வீட்டுக்காரர். சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அப்பாடா!

"இனிமே வருஷத்துக்கு ஒருதரம் வந்தா போதும்மா" என்றார் டாக்டரம்மா.

ஒரு முழு வருஷம்! அதுவரை ஆறு மாதம் ஆறு மாதமாகத்தான் நான் உயிரோடிருந்தேன். கழுத்துத் தழும்பைத் தொட்டுப் பார்த்தேன். முதல் தடவையாக, அது வெறும் தோலாக இருந்தது.

திரும்பும் வழியில் ஒரு மிக்சி வாங்கினோம். "அஞ்சு வருஷம் கேரண்டிம்மா, கார்டைப் பத்திரமா வச்சிக்கங்க" என்றார் கடைக்காரர். முந்தின நாளாக இருந்தால் அந்தப் பேச்சு எனக்கு வலித்திருக்கும்.

கார்டை யார் பேருக்குப் போடுவது என்று கேட்டார். என் பேருக்கே போடச் சொன்னேன்.