முன்சக்கரத்துக்கு எந்த பிரேக்

“...நிக்குமா நிக்காதான்னு கேக்கலப்பா. எப்படி நிக்கும்னு கேக்குறேன்” என்றாள் மகள். எம்.ரெட்டியபட்டி ஸ்டாப்பில் பஸ்ஸை விட்டு இறங்கி, தோளில் பையோடு, நான் நிறுத்தி வைத்திருந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். பஸ் கிளப்பிவிட்டுப் போன புழுதி இன்னும் அடங்கியிருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தயார் பண்ணத்தான் எனக்கு இந்தக் கோடை பூராவும் ஆயிற்று.

வண்டி நானே கட்டியது. சட்டத்துக்கான குழாய்களை அளவாக வெட்டி, படத்தோடு அனுப்பும் ஆட்கள் இருக்கிறார்கள். லோடு வண்டியில் வந்து இறங்கியது. இன்ஜினும் கியர்பாக்ஸும் உடைக்கப் போட்டிருந்த ஒரு சின்னக் காரிலிருந்து எடுத்தவை. நாலு சக்கரம், இரண்டு சீட்டு, கூரை கிடையாது. நம்பர் கிடைக்காது, ஆகையால் தார்ரோட்டில் ஏற்ற மாட்டேன். ஸ்டாப்பிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் காட்டுக்குள் போகிற வண்டிப்பாதைதான் அதற்கு உலகம்.

எனக்கு அருப்புக்கோட்டையில் விசைத்தறி பிட்டர் வேலை. பகல் பூராவும் தறிச் சத்தம், காதோடு காது வைத்துப் பேசினாலும் கேட்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் எல்லாமே கேட்கும், பேசத்தான் ஆள் இருக்காது. மனைவி போன பிறகு குக்கர் விசிலை எண்ணச் சொல்லக்கூட ஒரு ஆள் இல்லை. மகளுக்குச் சென்னையில் வேலை. அப்படிக் கிடந்த நேரத்தில்தான் இந்தக் குழாய்களை வாங்கிப் போட்டேன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கட்டினேன். அதில் பேசுகிற ஆளுக்கு நானும் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்.

அனுப்பிய படத்தில் எல்லாம் இருந்தது, முன்சக்கர பிரேக் மட்டும் இல்லை. கட்டுகிறவர் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளலாமாம். என் இஷ்டம் எங்கே போகும்? தறியில் ஒரு இழை அறுந்தால், அடுத்த அடி விழுவதற்குள் தறி நின்றாக வேண்டும். இல்லையென்றால் துணியில் கோடு விழும், முதலாளி அந்தக் கோட்டை விரலால் தடவிக் காட்டுவார். நிற்பதென்றால் அப்படி நிற்பது என்றே கை பழகிவிட்டது. பெரிய வேன் ஒன்றின் டிஸ்க் பிரேக்கைத் தேடிப் பிடித்து மாட்டினேன். பெடலைத் தொட்டால் வண்டி ஆணி அடித்ததுபோல நின்றது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பொங்கலுக்கு வந்த மகளை அதில் ஏற்றிக்கொண்டு போனேன். பாதி வழியில் ஒரு ஆடு குறுக்கே வந்தது. மிதித்தேன். முன்சக்கரம் இரண்டும் பூட்டிக்கொண்டு, வண்டி புழுதியில் பக்கவாட்டாக இழுத்து நின்றது. ஆட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. மகளின் நெற்றி முன்குழாயில் மோதி எலுமிச்சம்பழம் போல வீங்கிவிட்டது. “இது வண்டியா தறியாப்பா?” என்று சிரிக்கத்தான் செய்தாள். ஊருக்குப் போனவள் அப்புறம் வரவில்லை. கேட்டால் வேலை இருக்கிறது என்றாள். வேலை இருந்திருக்கும். எனக்கென்னவோ அந்த பிரேக்கை மாற்றாமல் அவள் வரமாட்டாள் என்று தோன்றிவிட்டது. ஒற்றை ஆளாக இருப்பவனுக்கு ஒன்று தோன்றினால், அதை இல்லை என்று சொல்லவும் ஆள் இருக்காதே.

அருப்புக்கோட்டையில் பழைய சாமான் கடைக்காரர் கதையைக் கேட்டுவிட்டு, “எருமைக்குப் போடுற மூக்கணாங்கயித்த ஆட்டுக்குப் போட்டிருக்கீக அண்ணாச்சி” என்றார். டிரம் பிரேக் போடச் சொன்னார். மலிவு, காலுக்கும் லேசாக இருக்குமாம். ஆனால் அது தன்னாலேயே இறுக்கிக்கொள்ளும் சுபாவம் உள்ளது, திடீரென்று கவ்வினாலும் கவ்வும். எங்கள் பக்கத்துக் கரிசல் புழுதி உள்ளே போய் உட்கார்ந்தால் கேட்கவே வேண்டாம். இன்ஜின் எடுத்த அதே சின்னக் காரின் டிஸ்க் ஒன்று மூலையில் கிடந்தது. அகலம் நான் மாட்டியிருந்த வேன் டிஸ்க்கில் முக்கால்தான் இருக்கும். “வண்டி என்ன எடை இருக்கும்?” என்றார். தெரியாது என்றேன். “எடை தெரியாம பிரேக்கு எடுக்கக் கூடாதுண்ணாச்சி. எத்தன பேரு போவீக?”

“ரெண்டு பேரு.”

“அப்ப ரெண்டு பேரையும் ஏத்தி எடை போட்டுட்டு வாங்க.”

எங்கள் ஊரில் பருத்தி வாங்கி விற்கிற கூட்டாளி ஒருவன் இருக்கிறான். மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு அவனிடம் உண்டு. மற்ற மூன்று சக்கரத்துக்கும் தராசின் உயரத்துக்குப் பலகை அடுக்கி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி நிறுத்தோம். நான் ஏறி உட்கார்ந்தேன். அவன் முள்ளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

“ஏலே, ரெண்டு ஆளுன்ன. இன்னொரு ஆளு எங்க?”

“மெட்ராஸ்ல இருக்கா.”

அவன் உள்ளே போய்ப் பருத்திக்கொட்டை மூட்டை ஒன்றைத் தூக்கி வந்து பக்கத்து சீட்டில் வைத்தான். “உன் மக இம்புட்டு இருப்பாளா?” என்றான். “இளைச்சுட்டா, கொஞ்சம் குறைச்சுக்கோ” என்றேன். அவன் கட்டை அவிழ்த்து நாலு படி அள்ளிக்கொண்டு மறுபடி முள்ளைப் பார்த்தான். அவள் உண்மையில் எவ்வளவு இருப்பாள் என்று எனக்குத் தெரியாது. குரலை வைத்துத்தான் சொன்னேன்.

சின்ன டிஸ்க்கையே எடுத்துக்கொண்டேன். அந்த எடைக்கு அது போதும் என்று கடைக்காரரும் ஒத்துக்கொண்டார். மாட்டிய பிறகு சாயங்காலமானால் அந்த மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போய்ப் போய் வருவேன். முதலில் என் கால்தான் கேட்கவில்லை, பெடலைக் கண்டால் தறியை நிறுத்துகிற அவசரத்தில் ஒரே உதை. மூட்டை முன்னால் விழும். எடுத்து வைத்து, மறுபடியும். மூட்டை சாயாமல் வண்டி நின்ற அன்றைக்கு, அதுவரை இல்லாத பெல்ட் ஒன்றையும் பக்கத்து சீட்டுக்குப் போட்டுவிட்டுப் போன் பண்ணினேன்.

“மாத்திட்டேம்மா.”

“என்னத்தப்பா?”

“முன் பிரேக்க.”

“அதுக்காகத்தான் நான் வரலன்னு நினைச்சுக்கிட்டிருந்தீங்களா?” என்றாள். பிறகு, “சரி, சனிக்கிழமை வாரேன்.”

அப்படி வந்து இறங்கியவள்தான் எப்படி நிற்கும் என்று கேட்டுக்கொண்டு நின்றாள்.

“மெல்ல நிக்கும்மா. மிதிக்க மிதிக்கத்தான் பிடிக்கும்” என்றேன்.

குனிந்து பெடலைக் கையால் அழுத்திப் பார்த்தாள். “கெட்டியா இருக்கே.”

“பெரிய காருல இருக்கிற மாதிரி இதுல உதவிக்கு ஒண்ணும் இல்ல. நம்ம கால் பலம்தான்.”

டீக்கடையிலிருந்து ஒருவர், “ஏறு தாயி. உங்கப்பா மூட்டையக் கூட்டிக்கிட்டு அலையிறதப் பார்க்கச் சகிக்கல” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். மகள் சிரிக்கவில்லை. நெற்றியில் பழைய இடத்தை விரலால் தேய்த்துக்கொண்டாள்.

“ஸ்டார்ட் பண்ணுங்க” என்றாள்.

நான் ஏறி உட்கார்ந்து கிளப்பினேன். அவள் பையைப் பக்கத்து சீட்டில் வைத்து, அதற்கு பெல்ட்டை மாட்டி இழுத்துப் பார்த்தாள். துப்பட்டாவைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டாள். “நான் முன்னால நடக்குறேன், இடிக்காம நிறுத்தி நிறுத்தி வாங்க” என்று சொல்லிவிட்டு, வண்டிக்கு நேர் முன்னால் போய், பாதையின் நடுவில், திரும்பிப் பார்க்காமல் வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.