புயலைக் குறைத்தவருக்குக் கோழிக் குழம்பு

மழையை அளக்கிறவனைத் தேடி மழையைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள். வெளியூரில் ஒற்றையறையில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பூஜ்யம்

நான் திருக்கோவிலூர்க்காரன், வேலை வெள்ளிமலையில். தினமும் காலை எட்டரைக்கு மழைமானியைப் பார்த்து, எத்தனை மில்லிமீட்டர் என்று கள்ளக்குறிச்சி அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். கோடையில் தினமும் 'பூஜ்யம்'தான். சில நாட்களில் நான் வாய் திறந்து பேசியதே அந்த ஒரு வார்த்தைதான். ஒருநாள் மனசு கேட்காமல், "சாப்டீங்களா சார்?" என்று சேர்த்துக் கேட்டுவிட்டேன். எதிர்முனையில் இருந்தவர் பதறிப்போனார்: "இன்னா சார், மானி ஒடஞ்சிபோச்சா?"

பாதிக் கதை

பள்ளியில் புயலைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டித் தீர்த்தேன். அமெரிக்காவில் ஒரு காலத்தில் விஞ்ஞானிகள் விமானத்தில் புயலுக்குள்ளேயே போய், அதன் வேகத்தைக் குறைக்க வெள்ளி அயோடைடு என்ற பொடியைத் தூவினார்கள் என்றேன். தூவியதால் குறைந்ததா, தானாகவே குறைந்ததா என்று அவர்களுக்கே தெரியவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பார்த்ததில் புயலை முன்கூட்டிக் கணிக்கக் கற்றுக்கொண்டார்கள். இதைச் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. பாதிக் கதைதான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா வேலியோரம் வந்து கேட்டார்: "அந்தப் பொடிய உங்க வூட்லதான் வெச்சிக்கினு இருக்கீங்களாமே சார்?"

விருந்து

அந்தக் கார்த்திகையில் கிளம்பிய புயல் கரைக்கு வருமுன்பே வலுவிழந்து, எங்களுக்குத் தூறலோடு போய்விட்டது. அதற்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அக்கா தூக்கு நிறைய சாமைச் சோறும் நாட்டுக்கோழிக் குழம்பும் கொண்டுவந்தார். அவர் வீட்டுக்காரர் அந்தோணியும் கூடவே உட்கார்ந்தார். மலைக்கு வந்தபிறகு நான் துணையோடு சாப்பிட்ட முதல் சாப்பாடு அது. உண்மையைச் சொன்னால் எழுந்து போய்விடுவார்களோ என்ற பயத்தில் பேசாமல் சாப்பிட்டேன். அந்தோணி என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்: "கூச்சப்படாம சாப்டுங்க சார், நீங்க இல்லன்னா எங்க சாமை போயிருக்கும்."

அடுத்த புயல்

மறு வருஷம் இன்னொரு புயலால் பெரிய மழை வரப்போகிறது என்று தகவல் வந்தது. அக்காவின் சாமை அறுத்துக் கட்டுகட்டாகக் காட்டில் கிடந்தது. அவர்களுக்கு ஒரு வருஷத்துச் சோறு. உடனே எடுத்துவிடுங்கள் என்றேன். "நீங்க இருக்கசொல்ல எங்களுக்கு இன்னா பயம்?" என்று சிரித்தார். "அக்கா, என்கிட்ட பொடியும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வருஷம் அது தானா கொறஞ்சிது" என்று போட்டு உடைத்தேன். அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லாமல் நானே முதல் கட்டைத் தூக்கினேன். சாயங்காலத்துக்குள் மூன்று பேருமாகச் வீட்டுக்குச் சுமந்து முடித்தோம். மறுநாள் காலை மானி வழிந்தது, சாமை நனையவில்லை. வேலியோரம் நின்ற அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "அப்ப அந்தக் கோழிய சும்மாவா துன்னீங்க?"

இப்போது நான் மழை வரும் என்றால் ஊரே தானியத்தை உள்ளே எடுத்துவைத்துவிடுகிறது, எனக்கான குழம்பை மட்டும் நானே வைத்துக்கொள்கிறேன்.