திமிங்கலம் பார்க்கிற அன்றைக்கு டிபன்

பாவாத்தாள் காசிக்கு நான்கு தடவை போயிருக்கிறாள். கங்கை எப்படி இருக்கும் என்று கேட்டால், அண்டா கழுவ வசதியாக இருக்கும் என்பாள். கன்னியாகுமரியில் சூரியன் கடலிலிருந்து எழும்பியபோது அவள் சத்திரத்தின் பின்பக்கம் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். சிம்லாவில் பனி விழுந்தது என்று மற்றவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். அவள் நின்ற சன்னல் முழுக்கச் சாம்பார் ஆவி.

நம் ஊர்க்காரர்களைப் பற்றித்தான் தெரியுமே. உலகத்தின் எந்த மூலைக்குப் போனாலும் காலையில் இட்லியும் மத்தியானம் ரசமும் இலையில் விழுந்தாக வேண்டும். இல்லையென்றால் தாஜ்மகாலே எதிரில் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் டூர் நடத்துகிறவர்கள் அரிசி, பருப்பு, அடுப்போடு ஒரு சமையல் ஆளையும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். அன்னூர் நரசிம்மலு நடத்தும் டூர்களுக்கெல்லாம் பாவாத்தாள்தான் ஆள். கல்யாண மண்டபத்தில் எச்சில் இலை எடுக்க வந்தவள், பாத்திரம் கழுவி, காய் நறுக்கி, கடைசியில் கரண்டி பிடித்தாள். இப்போது நோட்டீசிலேயே ‘பாவாத்தாள் கைமணத்துடன்’ என்று அச்சடிக்கிறார்கள். பேர் அச்சில் ஏறிவிட்டது. போன ஊர் ஒன்றையாவது அவள் கண்ணால் பார்த்திருக்க வேண்டுமே!

இந்த முறை இலங்கை. நரசிம்மலு தன் போனில் ஒரு வீடியோ காட்டினார். மிரிஸ்ஸா கடலில் ஒரு திமிங்கலம் மேலே வந்து, புஸ்ஸென்று தண்ணீரைப் பீய்ச்சியடித்துவிட்டு உள்ளே போனது.

“எத்தாச்சோடு இருக்குமுங்ண்ணா?”

“நம்ம டூர் பஸ்ஸு ரெண்டை முன்னும் பின்னுமா நிறுத்துனாப்பல அம்மணி.”

அன்றிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. சூரியன் காத்திருக்காது, பனி கரைந்துவிடும். இவ்வளவு பெரிய உருப்படி, பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு வந்தாலும் அங்கேயேதான் இருக்கும் என்று நம்பினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று வாய்விட்டுச் சொன்னாள். அதற்காகவே அலைந்து பாஸ்போர்ட் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நரசிம்மலுவின் ஆபீசில் எல்லாரும் கூடினார்கள். விசாவுக்காக வாங்கிய பாஸ்போர்ட்டுகள் ரப்பர் பேண்டு போட்டு மேசைமேல் கிடந்தன. நரசிம்மலு ஒவ்வொரு நாளாகச் சொல்லிக்கொண்டு வந்தார். திமிங்கலம் பார்க்கப் போகிற நாளில் விடியும்போதே படகு கிளம்பும், திரும்ப மத்தியானம் ஆகும், படகில் எல்லாருக்கும் சீட்டு சொல்லியாகிவிட்டது.

“எனக்குஞ் சேத்தித்தானுங்களே?” என்றாள் பாவாத்தாள்.

யாரோ சிரித்தார்கள். நரசிம்மலு நிதானமாகச் சொன்னார்: “உங்களுக்கு எதுக்குங்க அம்மணி அந்த வெயில்ல? நாங்க பசியோட வருவோம். சோறு ரெடியா இருக்கோணுமில்லீங்களா?”

மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. திட்டினாலாவது திருப்பித் திட்டலாம்.

முன் நாற்காலியில் இருந்த ராமாமணி டீச்சர் திரும்பிப் பார்த்தார். எந்த டூரிலும் முதல் பந்தியில் உட்கார்ந்து, பாவாத்தாளின் ரசத்தைப் புகழ்ந்து தள்ளுகிறவர். “நாங்க வீடியோ எடுத்தாந்து காட்டறோம் கண்ணு” என்றார்.

வீடியோவா? அதைத்தான் அன்னூரிலேயே, சும்மா நின்றபடியே பார்த்தாயிற்றே! அதற்கு எதற்குக் கடல் தாண்டிப் போவது?

அவள் முகம் போன போக்கைப் பார்த்து நரசிம்மலு தலையைச் சொறிந்தார். சட்டென்று அவர் முகம் மலர்ந்தது. “செரி, உங்களையும் படகுல ஏத்திக்கலாம். புளிசாதமும் தயிர்சாதமும் கட்டிட்டு வந்துட்டீங்கன்னா அங்கயே எல்லாத்துக்கும் பரிமாறிப்போடலாம். உங்களுக்கும் பாத்தாப்பல ஆச்சு.”

ஆகா, ஆகா என்று எல்லாரும் கைதட்டினார்கள். பாவாத்தாள் அந்தப் படகை நினைத்துப் பார்த்தாள். திமிங்கலம் வலப்பக்கம் தலை தூக்கும். எல்லாரும் அந்தப் பக்கம் ஓடுவார்கள். அதே நேரம் இடப்பக்கமிருந்து ஒருவர், அம்மணி, இங்க கொஞ்சம் ஊறுகாய் என்று தட்டை நீட்டுவார். அவளுக்கு அப்படியே கண்ணில் தெரிந்தது.

எழுந்து மேசைக்குப் போனாள். ரப்பர் பேண்டைக் கழற்றித் தன் பாஸ்போர்ட்டை உருவினாள்.

“சூரியன் உதிக்கறப்ப உங்களுக்குச் சட்னி அரைச்சேன். கங்கைல எல்லாரும் முழுகி எந்திரிச்சீங்க, நான் அண்டா தேச்சேன். ஒரே ஒரு நா என்ற கண்ணுக்குன்னு ஒண்ணு கேட்டா, அங்கயும் கரண்டியத் தூக்கிட்டு வரச் சொல்றீங்களே! என்னைய மனுசின்னு நெனச்சீங்களா, இல்ல அடுப்புன்னு நெனச்சீங்களா?”

பதிலுக்கு அவள் நிற்கவில்லை. கருமத்தம்பட்டி பஸ் ஏறி வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் அடங்கவில்லை. தறிக்குப் போய்விட்டு வந்த புருஷன் மயில்சாமி விஷயத்தைக் கேட்டுவிட்டு, “ஒரு மீனுக்குப் போயி இத்தனை ரோசமா?” என்றார்.

“டீச்சருக்கும் அது மீனுதானுங்க. அவங்க மட்டும் எதுக்குப் போறாங்களாமா?”

அன்று ராத்திரி அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை. கடைப் பரோட்டாதான்.

நரசிம்மலு சும்மா இருக்கவில்லை. மண்டபம் மண்டபமாகப் போன் போட்டார். நல்ல சமையல்காரர்கள் இருந்தார்கள், பாஸ்போர்ட் இல்லை. பாஸ்போர்ட் இருந்தவர்கள் துபாயில் இருந்தார்கள். ரெண்டாம் நாள் காலையில் பாவாத்தாள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

“அம்மணி, படகுல உங்க பேருக்கே சீட்டு சொல்லிப்போட்டேன். அன்னைக்கு நீங்க கரண்டியே தொட வேண்டாம். வெறுங்கையோட வந்தாப் போதும்.”

வேறு ஆள் அகப்பட்டிருந்தால் இந்த மனுசன் இந்தத் தெருப்பக்கமே வந்திருக்க மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். அதனால் கோபம் ஒரு பொட்டும் குறையவில்லை. ஆனாலும் அலமாரியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டும் கிளம்பாமல் பேச்சை இழுத்தார்.

“எல்லாரும் கேக்கறாங்க, அதானுங்க... அன்னைக்குக் காலைல டிபனுக்கு என்னங்க பண்றது?”

பாவாத்தாள் அவரை நன்றாகப் பார்த்தாள்.

“அதை எதுக்குங்க என்னையக் கேக்கறீங்க? அன்னைக்கு நானும் டூருக்கு வந்தவதானுங்க. ஓட்டல்ல எனக்கும் சேத்திச் சொல்லிப்போடுங்க. ஆறிப்போயிருந்தா நான் தொட மாட்டேன்.”