செத்த செடிகளின் மேசை

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை நூலகத்தின் நிலவறையில் கூடுவோம். கூடியதும் முதலில் செத்த செடிகளை மேசையில் வைக்க வேண்டும். யார் வீட்டில் எது செத்ததோ அவர் அதைச் சட்டியோடு கொண்டுவந்து வைத்து, எப்படிச் செத்தது என்று சொல்ல வேண்டும். மன்னிப்புக் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகுதான் உயிரோடு இருக்கும் செடிகளைப் பற்றிய பேச்சு, தேநீர், பிஸ்கட் எல்லாம்.

அவுஸ்திரேலியாவின் காட்டுச் செடிகளை ரொறன்ரோவில் வளர்ப்பவர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் தேவையாகத்தான் இருந்தது. வெயிலும் மணலும் கேட்கும் செடிகளை, பனி மூடிக் கிடக்கும் ஊரில், சன்னலோரச் சட்டிகளில் வளர்க்கப் பார்த்தார்கள். மேசை வெறுமையாக இருந்து நான் கண்டதில்லை.

நான் செடிகளுக்காக அங்கே போகவில்லை. மகளுக்காகப் போனேன்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தோம். கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் அலுவலகத்தில் வேலை. விடிய முன்னர் போனால் இருட்டிய பிறகு வருவார். பல சனிக்கிழமைகளிலும் அப்படித்தான். மகளுக்கு இரண்டரை வயதாகப் போகிறது, இன்னும் ஒரு சொல் வரவில்லை. காது கேட்டது. லிஃப்ட் நிற்கும் சத்தத்துக்கே கதவடிக்கு ஓடுவாள். சிரிப்பாள், அழுவாள், வேண்டியதைக் கையால் காட்டுவாள். ஆனால் அம்மா என்றுகூடச் சொன்னதில்லை.

குழந்தைகள் கிளினிக்கில் நிறை பார்க்கும் நேர்ஸ் அன்பானவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பிள்ளை குழம்பிப் போயிருக்கிறாள் என்றார். இரண்டு மொழிகளை அந்தச் சின்னத் தலை தாங்காதாம். இனி வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், ஆங்கிலம் காதில் விழும் இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்.

அன்று இரவு கணவரிடம் சொன்னேன்.

"அவை தெரியாமலோ சொல்லுவினம்? இந்த நாட்டில வளரப்போற பிள்ளை. இந்த நாட்டுப் பாஷை முதல்ல வரட்டும். தமிழ் எங்க ஓடிப்போகுது?"

"எனக்கு இங்கிலீசில பிள்ளையைக் கொஞ்சத் தெரியாதப்பா."

"பி.ஏ. படிச்சனீர். கொஞ்சத் தெரியாதோ?"

"சோதினையில அது கேக்கேல்லை."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த நாள் காலையிலிருந்து மகளோடு ஆங்கிலம்தான் என்று முடிவாயிற்று. மூத்தவர்களும் படித்தவர்களும் சொன்னதைச் செய்தே வளர்ந்தவள் நான். செய்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்று இரவில் நினைத்துப் பார்ப்பேனே தவிர, செய்யாமல் விட்டதில்லை.

எனக்குத் தெரிந்தது கட்டுரை எழுதும் ஆங்கிலம். சோறு ஊட்டும்போது "ஓப்பன் யுவர் மவுத்" என்பேன். பல் டொக்டர் சொல்வதுபோல் எனக்கே கேட்கும். அவள் வாயைத் திறப்பாள், நான் ஊட்டுவேன். அதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது. குளிக்க வார்க்கும்போதும், தலை வாரி இழுக்கும்போதும், படுக்கப் போடும்போதும் அப்படித்தான். என் வாயில் தானாக வருவதை விழுங்கி, அதற்கு ஈடான ஒன்றைத் தேடி எடுப்பதற்குள் அவள் வேறு பக்கம் திரும்பிவிடுவாள். வீடு மெல்ல மெல்லச் சத்தமில்லாமல் போயிற்று.

நூலகத்து அறிவிப்புப் பலகையில் அந்தக் குழுவின் தாளைப் பார்த்தது அந்தச் செப்ரெம்பரில். கட்டணம் இல்லை, பிள்ளைகளும் வரலாம் என்று போட்டிருந்தது. ஆங்கிலம் பேசும் பத்துப் பன்னிரண்டு பேர், சூடான ஓர் அறை. எனக்கு வேண்டியது அவ்வளவுதான். செடி என்னவாக இருந்தால் என்ன.

முதல் நாள் நாங்கள் நுழைந்தபோது ஓர் உயரமான மனிதர் காய்ந்த குச்சி ஒன்றை மேசையில் வைத்துக்கொண்டிருந்தார். "விடுமுறைக்குப் போனோம். தண்ணீர் ஊற்றும்படி பக்கத்து வீட்டாரிடம் சொன்னேன்," என்று நிறுத்திவிட்டு, "தினமும் ஊற்றினார்கள்," என்றார்.

"நல்ல அயலவரால் சாவு. அடுத்தது," என்றார் குழுவை நடத்திய பெண்மணி. அவர் பெர்த் நகரத்துக்குப் பக்கத்தில் பிறந்து, கனடாக்காரர் ஒருவரைக் கட்டி இங்கே வந்தவர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. குரலும் மைதானத்துக்கு ஏற்ற குரல்தான்.

அவர் யூக்கலிப்டஸ் இலை ஒன்றைக் கிள்ளிக் கசக்கி மகளின் மூக்கடியில் பிடித்தார். மகள் அதை மணந்தாள். பிறகு தன் சட்டையை உயர்த்தி நெஞ்சைக் காட்டினாள். தடிமன் வந்தால் நான் பூசிவிடும் எண்ணெயின் மணம் அது. எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்போடு கண்ணும் கலங்கியது. இவ்வளவு தெரிகிற பிள்ளைக்கு ஏன் ஒரு சொல் வரவில்லை.

அன்று வாட்டில் என்ற அவுஸ்திரேலிய வேல மரத்தின் விதைகளும் போட்டார்கள். கறுத்து, கல்லுப்போல இருக்கும் விதை. அதைக் கோப்பையில் போட்டுக் கொதித்து இறக்கிய தண்ணீரை மேலே ஊற்ற வேண்டும். அப்போதுதான் தோல் விட்டுக்கொடுக்கும். காட்டில் அந்த வேலையைத் தீ செய்யுமாம். கேத்திலை என்னிடம் தந்தார்கள். உயிருள்ள ஒன்றின்மேல் கொதிதண்ணீர் ஊற்ற என் கை போகவில்லை. கேத்திலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். உயரமான மனிதர் வாங்கி ஊற்றினார்.

ஒக்ரோபர் கூட்டத்தில் எனக்கு ஒரு பாங்ஸியாக் கன்று கிடைத்தது. ஒரு சாண் உயரம். இலையின் ஓரம் வாள்பல்லுப்போல வெட்டுவெட்டாக இருக்கும், அடிப்பக்கம் வெள்ளை.

"இதற்கு ஒன்றும் கொடுக்காதே," என்றார் பெண்மணி. "உரம் வேண்டாம். வெறும் மணலில் பட்டினி கிடந்து பழகிய சாதி இது. வெளிச்சம் கொடு, கொஞ்சம் தண்ணீர் கொடு, பிறகு அதன் பாட்டில் விடு. உன்னால் முடியுமா?"

முடியும் என்றேன்.

அதைச் சன்னலடியில் வைத்தேன். முதல் நாள் தண்ணீர் ஊற்றும்போது என்னையறியாமல், "குடியடா குஞ்சு, குளிருதே?" என்று வாயில் வந்துவிட்டது. திடுக்கிட்டு மகளைப் பார்த்தேன். அவள் பக்கத்தில் தன் தகரக் கோப்பையோடு நின்றாள். நேர்ஸ் பிள்ளையோடு பேசுவதைப் பற்றித்தான் சொன்னார், செடியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் காலையில் அந்தச் செடியோடு கதைத்தேன். வெளியே பனி கொட்டுவதைச் சொன்னேன். இலை வாடியிருந்தால் ஏன் முகம் வாடிப்போச்சு என்று கேட்டேன். கைதவறிக் கூடுதலாக ஊற்றிவிட்டால், "காணும் குஞ்சு, காணும், தண்ணி காணும்," என்று கோப்பையை நிமிர்த்துவேன். பிறகு திரும்பி மகளிடம், "கம், பிறெக்ஃபாஸ்ட்" என்பேன்.

அடுத்த கதவில் திருச்சியிலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். கணவர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர். சுத்த சைவம். ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"என்னங்க, உங்க செடி அசைவமா? காரிடார் வரைக்கும் மணக்குது."

நான் மீன் கழுவிய தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் மீன் கழுவிய தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை. கறிவேப்பிலைக்கும் ரோசாவுக்கும் போகும். உரம் என்றால் கடையில் பெட்டியில் விற்பது என்றுதான் நான் நினைத்திருந்தேன். இது உரம் என்று மனதில் படவே இல்லை. சும்மா தண்ணீர் மட்டும் குடித்து ஓர் உயிர் எப்படிக் குளிர்காலத்தைத் தாண்டும்?

"செழிக்கும் எண்டு ஊத்துறன்," என்றேன்.

"நல்லா செழிக்கட்டும். அதுவா எழுந்து வந்து எங்க கதவத் தட்டாம இருந்தா சரி." பிறகு மகளைப் பார்த்துவிட்டு, "ஆமா, செடிகிட்ட தமிழ், பாப்பாகிட்ட இங்கிலீஷா? நல்லா இருக்கே," என்றாள்.

கேலியாகத்தான் சொன்னாள். அவள் போன பிறகும் அது என்னை விட்டுப் போகவில்லை.

கிறிஸ்மஸ் கழிந்ததும் பாங்ஸியாவின் இலைகள் மஞ்சளாகின. பிறகு ஓரம் கருகிக்கொண்டு வந்தது. போதவில்லையாக்கும் என்று இன்னும் கொஞ்சம் மீன் தண்ணீர் ஊற்றினேன்.

ஜனவரியில் கிளினிக்குக்குப் போனோம். நேர்ஸ் பொம்மைகளைக் காட்டினார், படங்களைக் காட்டினார். மகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். சொல் இல்லை. மார்ச் மாதத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிபுணரிடம் காட்ட வேண்டும் என்றார். "சில பிள்ளைகளுக்கு மூளை வளர்ச்சியே மெதுவாக இருக்கும்," என்று மிக மெதுவாகச் சொன்னார். வீட்டில் ஆங்கிலம்தானே பேசுகிறீர்கள் என்று மறுபடியும் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

கணவர் அன்று இரவு சாப்பிடவில்லை. "என்ர பக்கத்தில ஒருத்தரும் இப்பிடி..." என்று தொடங்கி, முடிக்காமல் எழுந்து போய்விட்டார். நான் விறாந்தை விளக்கை அணைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் படுத்தேன். அவள் விழித்திருந்தாள். சொல்வதற்கு எனக்கு ஆங்கிலமும் வரவில்லை.

பெப்ரவரிக் கூட்டத்துக்குச் சில நாள் முன்னர் செடி செத்தது.

குளிர்காலத்தில் செடியை வெளியே கொண்டுபோவதென்றால் எல்லோரும் துணியால் சுற்றித்தான் கொண்டுபோவார்கள். செத்த செடிக்குத் துவாய் எதற்கு என்று வாசலில் ஒரு கணம் நின்றேன். பிறகு சுற்றித்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஒரு கையில் மகள், மறு கையில் அது.

மேசையில் வைத்துவிட்டு, "பாங்ஸியா," என்றேன். "மீன் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். வாரத்தில் இரண்டு முறை."

பெண்மணி இலையை விரலால் தொட்டார். "நல்ல உணவுதான்," என்றார். "வேறு எந்தச் செடியும் உனக்கு நன்றி சொல்லியிருக்கும். இதற்கு மட்டும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கொடுத்ததையெல்லாம் எடுத்துக்கொண்டே இருக்கும், தாங்க முடியாமல் போகும்வரை."

"ஐ ஆம் சொறி," என்று என் வாயில் வந்துவிட்டது.

"இங்கே அது இல்லை," என்றார் அவர். "அடுத்தது."

உயரமான மனிதர் பக்கத்து மேசையில் வாட்டில் நாற்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அன்று கொதிதண்ணீர் குடித்த அதே விதைகள். இப்போது விரல் நீளத்துக்கு வளர்ந்து, மெல்லிய இலைகளோடு நின்றன. அவர் பேச்சைக் கேட்டபடியே ஊற்ற, ஒரு சட்டி நிரம்பித் தட்டில் வழிந்தது. மகள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு குதிக்காலை உயர்த்தி நின்றாள்.

"காணும் குஞ்சு," என்றாள். "தண்ணி காணும்."

அது என் குரல். என் இழுவை. செடியோடு பேசும்போது மட்டும் நான் தாழ்த்தும் அந்தத் தொனி.

மனிதர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சொல்கிறாள்?"

"போதும் என்கிறாள்," என்றேன். "தண்ணீர் போதுமாம்."

அவர் தட்டைப் பார்த்தார். "அவள் சொல்வது சரிதான்," என்று தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார்.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். மகிழ்ச்சி என்று சொல்ல முடியாது. அவள் பேசியது என்னோடு அல்ல, சட்டியோடு. அந்த மொழி செடிகளுக்கானது என்று அவள் விளங்கி வைத்திருந்தாள். இத்தனை மாதமும் காலையில் அவளுக்குப் பக்கத்தில் நின்று, அவளுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் நான் ஒரு சட்டிக்குச் சொல்லியிருக்கிறேன். அவள் அதை ஒட்டுக்கேட்டுக் கற்றிருக்கிறாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவள் தொப்பியின் நாடாவைக் கட்டிவிட்டு, "குளிருதே குஞ்சு?" என்று கேட்டேன். ரோட்டில் போகிறவர்கள் கேட்டுவிடுவார்களோ என்பதுபோல் மெதுவாகத்தான் கேட்டேன். அவள் என்னை அண்ணாந்து பார்த்தாள்.

கணவர் வந்தபோது இருட்டிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். கோட்டைக் கழற்றாமலே கேட்டார்.

"தமிழிலயோ சொன்னவள்?"

"ஓம். இனி நான் அவளோட தமிழிலதான் கதைப்பன். நீங்களும் கதையுங்கோ."

"நேர்ஸ் என்ன சொல்லுவா?"

"தெரியாது."

"பிழையாப் போனா?"

அதே கேள்விதான் எனக்குள்ளும் இருந்தது. "பிழையாப் போகலாம்," என்றேன். "மார்ச்சில ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் போறன். ஆனா தமிழில கதைச்சுக்கொண்டுதான் கொண்டு போவன்."

அவர் கோட்டோடு தரையில் குந்தி மகளுக்கு நேரே இருந்தார். இத்தனை மாதம் கழித்து எங்கே தொடங்குவது என்று அவருக்கும் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சாப்பிட்டியளே, குஞ்சு?"

மகள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பிச் சன்னலடியைப் பார்த்தாள், அப்பா எந்தச் செடியோடு பேசுகிறார் என்று. அங்கே சட்டி இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை மட்டும் இருந்தது.

அவர் அவள் நாடியை மெல்லத் தன் பக்கம் திருப்பி, மறுபடியும் கேட்டார்.