கிரேசியின் எண்ட் டு எண்ட் பஸ்

"ஏளா, மவுசத் தொடாமலே எப்படிளா அங்கன போன?"

ஸ்டுடியோவுக்கு வந்து பக்கத்தில் உட்காரும் யாரும் முதலில் கேட்பது இதைத்தான். அங்கேயே வேலை பார்க்கும் எங்களுக்கும் அப்போது பதில் தெரியாது. கேள்வி முடிவதற்குள் கிரேசி அடுத்த இடத்துக்குப் போயிருப்பாள்.

கல்யாண ஆல்பம் வடிவமைப்பது அவள் வேலை. படத்தை வெட்டி ஒட்டும்போதுதான் மவுஸ் மேசைக்கு இறங்கும். மற்ற நேரமெல்லாம் அது சிபியு பெட்டியின் உச்சியில் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு ஃபோல்டர் வேண்டுமென்றால் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்துவாள். திரையின் நடுவில் வெள்ளையாக ஒரு பட்டை வந்து நிற்கும். அதில் மூன்று நான்கு எழுத்து. அப்புறம் என்டர். அவ்வளவுதான், ஃபோல்டர் திறந்துவிடும். சின்ன மென்பொருள் அது. யூடியூபில் பார்த்து அவளே போட்டுக்கொண்டது. அடிக்கடி போகிற ஃபோல்டரை நினைவில் வைத்துக்கொண்டு முதலில் காட்டும். "நாயி மாதிரி. சோறு போடுத வீட்டத்தான் மொதல்ல பாக்கும்" என்பாள்.

ஸ்டுடியோ முதலாளி தேவபிரசாதம் நாசரேத்துக்காரர். அவர் மவுஸைப் பிடித்துக் கிளம்பினால் பயணம் நீளும். டிரைவைத் திறப்பார், பிறகு வருடம், பிறகு மாதம், பிறகு ஊர், பிறகு சர்ச். கடைசியில் வேறு யாருடைய கல்யாணத்திலோ நுழைந்து, வந்த வழியே திரும்புவார்.

"அண்ணாச்சி ஸ்டாப் ஸ்டாப்பா நிக்குத பஸ்சுல வாராங்க. திருநவேலி ரோட்டுப் புதுக்கோட்ட தாண்டியாச்சா அண்ணாச்சி? வல்லநாட்டுல டீ குடிக்க எறங்குவியளா?"

"போளா. போய்ச் சேந்தாப் போதும்."

"நான் எண்ட் டு எண்ட் பஸ்சு. தூத்துக்குடில ஏறுனா திருநவேலில கண்ணு முழிக்கணும்."

அவளிடம் ஒரு வினோதம் உண்டு. ஃபோல்டருக்கு ஆள் பெயரே வைக்கமாட்டாள். தூத்துக்குடிக் கடலோரத் திரேஸ்புரத்துக் கல்யாணங்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும். "ஜெனோ கல்யாணம்னு போட்டா ஒரு தெருவு ஜெனோவும் வந்து நிப்பான். நான் எவனக் கூப்பிட?" ஆகவே அந்தக் கல்யாணத்தில் தன் கண்ணில் பட்டதையே பெயராக வைப்பாள். 'கேக் மேல் விழுந்த சித்தப்பா.' 'மாலையைத் தின்ற ஆடு.' 'மூன்று தடவை மயங்கிய தோழி.' எல்லாம் ஆங்கில எழுத்தில் அடித்த தமிழ். ஒருமுறை வைத்தால் மறக்கமாட்டாள்.

"இந்தப் பேருல ஒருநா நல்லா மாட்டுவ" என்று தேவபிரசாதம் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். மாட்டியது போன மாதம்.

அன்று ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்கப் புதுப்பெண் ஷைனி வந்தாள். கூடவே மாமியார் பிலோமினம்மா. திரேஸ்புரம் மீன் ஏலக்கூடத்தில் மீன் எடுக்கும் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. நல்ல நண்டோ கணவாயோ வந்து விழும்போது வாங்குகிறவர் முகம் மலர்ந்துவிட்டால் பக்கத்தில் நிற்பவர் விலையை ஏற்றிவிடுவார். பிலோமினம்மாவின் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் கண்டுபிடித்ததில்லை. அந்த முகம் ஏலக்கூடத்திலேயே நின்றுவிடாமல் வீட்டுக்கும் வந்தது. மகன் கல்யாணத்துக்கும் வந்தது.

கிரேசி இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று யோசிப்பதற்குள் விரல் முந்திவிட்டது. வெள்ளைப் பட்டைக்குக் கீழே ஷைனி கல்யாணத்து ஃபோல்டரின் பெயர் பெரிய எழுத்தில் வந்து நின்றது: 'சிரிக்காத மாமியார்.'

என்டரைத் தட்டி மறைக்கப் போனாள். அதற்குள் பிலோமினம்மா எழுத்துக் கூட்டிப் படித்து முடித்திருந்தார். அவர் கிரேசியைப் பார்க்கவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

"நீயாளா சொல்லிக் குடுத்த?"

ஷைனியின் முகத்தில் ரத்தமே இல்லை. அந்த வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண். "இல்ல மாமி, மாதா சத்தியமா நான் இல்ல" என்று மாமியாரின் கையைப் பிடித்தாள்.

"அவுக இல்லம்மா. நான்தான் வச்சேன்" என்றாள் கிரேசி. "ஒரு படத்துலகூட நீங்க சிரிக்கலன்னு…"

"அது எப்படி உனக்கா தோணும்? வீட்டுல பேசாததா வெளிய வரும்?"

நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு பிலோமினம்மா எழுந்தார். தேவபிரசாதம் அவசரமாக டீ சொல்லப் போனார். டீயால் ஆகிற காரியமாக அது தெரியவில்லை. இந்த முகத்தோடு இவர் வீடு போய்ச் சேர்ந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்றுதான் கிரேசிக்கு ஓடியது. செய்யாத குற்றம் அவள் தலையில் காலத்துக்கும் நிற்கும்.

அப்போதுதான் பிலோமினம்மாவின் மூக்குத்தி அவள் கண்ணில் பட்டது. படம் வெட்டும்போது இதே மூக்குத்தியை வேறு எங்கோ பார்த்திருக்கிறாள். ஒரு படத்தின் ஓரத்தில். கல்யாணம் இல்லை. கடல் தெரிந்தது.

"அம்மா, ஒரே நிமிசம். உங்க ஆளுக யாரும் புதுப் படகு கடல்ல எறக்குனாகளா? ஃபாதர் வந்து மந்திரிச்சு?"

"எந்தம்பி எறக்குனான். அதுக்கு இப்ப என்ன?"

விரல்கள் ஓடின. 'நனைந்த கேமரா.' படகு இறக்கிய அன்று ஃபாதர் தெளித்த தீர்த்தம் படகைத் தாண்டி வந்து கேமராவில் விழுந்திருந்தது. ஃபோல்டர் திறந்தது. ஒரு படத்தை ஓரத்திலிருந்து இழுத்துப் பெரிதாக்கினாள்.

படகுக்குப் பின்னால், யாரும் தன்னைப் படம் எடுக்கவில்லை என்ற நம்பிக்கையில், பிலோமினம்மா சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல் வரைக்கும் தெரிந்தது. ஒரு கை பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளில் அடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து நின்றவர் மானிட்டர் பக்கம் குனிந்தார்.

"இது யாரு?" என்றார் பிலோமினம்மா.

"நீங்கதாம்மா" என்ற கிரேசி, அங்கேயே ஒரு காரணத்தைக் கட்டினாள். "இந்தச் சிரிப்பப் பாத்தவதான் நான். கல்யாணத்துலயும் இது வரும் வரும்னு ஒவ்வொரு படமாத் தேடுனேன். வரல. அந்தக் கோவத்துல வச்ச பேரு. உங்க மருமக ஒரு வார்த்த சொல்லல."

பிலோமினம்மா உட்கார்ந்தார். படத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு மருமகளின் தோளில், படத்தில் இருந்ததைப் போலவே, ஒரு அடி. "ஏன்ளா மூஞ்சிய இப்படி வச்சிருக்க? சிரியம்ளா. நாளைக்கு உனக்கும் இவ பேரு வைப்பா."

ஷைனி அழுதுகொண்டே சிரித்தாள். அந்தப் படகுப் படமே ஆல்பத்தின் முதல் பக்கம் என்று முடிவானது. பிள்ளையும் பெண்ணும் இரண்டாம் பக்கம். டீயோடு திரும்பிய தேவபிரசாதம் அதற்கும் தலையாட்டினார்.

கிளம்பும்போது வாசல்வரை போன பிலோமினம்மா திரும்பி வந்தார். "அந்த வெள்ளக் கோட்ட இன்னொருக்கா வரவையி" என்றார். பட்டை வந்தது. மீன் வாடை போகாத ஒற்றை விரலால், கிரேசி சொல்லச் சொல்ல, 'நனை' என்று அடித்து, என்டரைத் தானே தட்டினார். கடல் வந்தது, படகு வந்தது, சிரிப்பு வந்தது.

"ஏலக்கூடத்துல சொல்லிராதிய" என்றார் எங்களைப் பார்த்து. "மத்த எடத்துல எல்லாம் சொல்லுங்க, பிலோமினா சிரிப்பான்னு."

நாங்கள் சொல்லிக்கொண்டிருக்கிறோம். படித்தவர்களும் நாலு பேரிடம் சொல்லுங்கள், ஏலக்கூடம் தவிர.