இயக்குநருக்குக் கடைசி இடம்

வினார்த்தியைத் தேர்வில் இரண்டு தடவை தோற்கடித்தவர் ஓர் இயக்குநர். அவரை அவள் நேரில் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது, அவர் வினாத்தாளில் மட்டுமே இருந்தார். முதல் தடவை ஒரு செருப்புத் தொழிற்சாலையின் இயக்குநராக வந்தார், அடுத்த தடவை ஒரு மருத்துவமனையின் இயக்குநராக. இரண்டிலும் அவர் கேட்டது இரண்டே இரண்டு கணினி முகவரிகள்தான். ஆனாலும் அவரை எங்கே உட்கார வைப்பது என்பதில் வினார்த்தி தடுமாறிப்போனாள்.

ஜாவாத் தீவில் மாலாங் நகரத்தின் வடக்கு ஓரத்தில் உள்ள தொழிற்பயிற்சிப் பள்ளியில் பதினோரு வருடமாக அவள்தான் கணினி ஆய்வகப் பொறுப்பாளர். படித்து வாங்கிய வேலை இல்லை. அலுவலகத்தில் கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். அரசாங்கத்திலிருந்து முப்பத்தாறு கணினிகள் வந்து இறங்கின. அந்த அறைச் சாவியை யாராவது வைத்திருக்க வேண்டுமே என்று அவளிடம் கொடுத்தார்கள். சாவியோடு மீதி எல்லாமும் வந்துவிட்டது. எலி கடித்த கேபிளை மாற்றுவதும், தட்டச்சுப் பலகைக்குள்ளிருந்து வறுத்த கடலையைத் தட்டி எடுப்பதும், எந்தக் கணினிக்கு எந்த எண் என்று பட்டியல் போடுவதும் அவள் பொறுப்பாயின. அந்தப் பட்டியலைப் பெரிய தாளில் அழகாக எழுதிச் சுவரில் ஒட்டியும் வைத்திருந்தாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் தலைமையாசிரியர் பாக் ஹர்ஜித்தோ ஒரு சுற்றறிக்கை விட்டார். மனிதர் பள்ளிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. ஆய்வகப் பொறுப்பாளர் ஜூன் மாதத்துக்குள் வலையமைப்புச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். மூன்று வாய்ப்பு உண்டு. தவறினால் கூட்டுறவுக் கடைக்கு மாற்றப்படுவார். பள்ளிக் கூட்டுறவுக் கடை என்றால் படிக்கட்டுக்கு அடியில் உள்ள ஒரு பொந்து. காலுறை, தொப்பி, சட்டையில் குத்தும் பட்டை, அவ்வளவுதான் சரக்கு. வினார்த்தி அந்தச் சுற்றறிக்கையை மூன்று தடவை படித்தாள். காலுறையை அவள் வெறுக்கவில்லை. ஆனால் அந்த முப்பத்தாறு இயந்திரங்களும் காலையில் ஒன்றன்பின் ஒன்றாக முனகிக்கொண்டு எழுந்திருக்கும் சத்தம் இல்லாமல் ஒரு நாளைத் தொடங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கழிப்பறைக்குள் போய்க் கொஞ்சம் அழுதுவிட்டு வந்து படிக்கத் தொடங்கினாள்.

மற்றப் பாடமெல்லாம் கை பழகியவை. முகவரிக் கணக்கு ஒன்றுதான் முரண்டு பிடித்தது. அதையும் தெருக் கணக்காக மாற்றிக்கொண்டாள். கணினியின் முகவரி என்பது கதவு எண். எண்களைத் தெருத் தெருவாகப் பிரிக்க வேண்டும். தெருவின் அளவு நம் இஷ்டத்துக்கு இருக்காது. நாலு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு, அறுபத்துநாலு என்றுதான் இருக்கும். எந்தத் தெருவிலும் முதல் எண் பெயர்ப்பலகைக்கு, கடைசி எண் ஒலிபெருக்கிக்கு. பலகையிலும் குடியிருக்க முடியாது, ஒலிபெருக்கியிலும் குடியிருக்க முடியாது. மிச்சத்தில் ஒன்று தெருவாசலுக்குப் போய்விடும்; தேர்வில் கேட்கும் எண்ணிக்கையில் அந்த வாசலும் அடக்கம். இன்னொரு விதி, அறுபத்துநாலு வீட்டுத் தெரு அறுபத்துநாலின் மடங்கில்தான் ஆரம்பிக்கும். நடுவில் எங்கேயாவது தொடங்கினால் செல்லாது.

பள்ளி வாசலில் மாட்டிறைச்சி உருண்டை சூப் விற்கும் வண்டி அவள் கணவன் மர்தியோனோவுடையது. மதிய இடைவேளை முடிந்து கூட்டம் கலைந்ததும் வண்டிக்குப் பின்னால் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, பொட்டலம் கட்டும் பழுப்புத் தாளில் தெரு பிரிப்பாள். அந்த வருடம் அவனிடம் பென்சில் கணக்கு இல்லாத ஒரு பொட்டலம்கூட யாருக்கும் கிடைக்கவில்லை.

"இபு, நூத்தி இருபத்தெட்டு வீடு. தொழிலாளிங்க அறுபது, விக்கிறவங்க இருபத்தெட்டு, கிடங்கு பன்னெண்டு, டைரக்டருக்கு ரெண்டு. எல்லாரும் அடங்குவாங்கல்ல? அப்புறம் என்ன உனக்குக் கஷ்டம்?" என்றான் மர்தியோனோ. முதல் தேர்வில் தோற்று வந்த மறுநாள் அது. அந்த ஊரில் பெண்ணை மரியாதையாக 'இபு' என்றும் ஆணை 'பாக்' என்றும் அழைப்பார்கள், கணவன் மனைவிகூட.

"டைரக்டருக்கு முப்பத்திரண்டு வீட்டுத் தெரு குடுத்தேன், பாக்."

"அவர் கேட்டது ரெண்டுதானே?"

"கேட்டது ரெண்டுதான். அதுக்காக நாலு வீட்டுச் சந்துலயா அவரைக் கொண்டுபோய் வைக்கறது? டைரக்டர் இல்லையா?"

மர்தியோனோ கரண்டியை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். "சரி, அப்ப கிடங்குக்காரங்க?"

"இடம் பத்தல."

"தெருவுல நிக்கிறாங்களா?"

"ஆமா."

அவனுக்குப் புரிந்துவிட்டது, மறுபடி கரண்டியால் கிளறத் தொடங்கினான். அவனும் ஜாவாக்காரன்தானே. பெரியவர்களுக்கு முன்னால் வரும் அந்தக் கூச்சமும் மரியாதையும் கலந்த சங்கடத்துக்கு அங்கே 'சுங்கான்' என்று பெயர். அது வந்துவிட்டால் வாய் மூடிக்கொள்ளும், முதுகு தானாக வளையும். இருக்கிற பெரியவருக்கு வளைவது வழக்கம். வினார்த்தி இல்லாத பெரியவருக்கும் வளைந்தாள்.

இரண்டாம் தடவை மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு போனாள். மருத்துவமனை இயக்குநருக்கு நாலு வீட்டுச் சந்துதான் கொடுத்தாள். ஆனால் முதல் சந்தாகக் கொடுத்தாள். பட்டியலில் அவர் பெயருக்கு மேலே இன்னொருவர் பெயரை எழுதக் கை வரவில்லை. அதனால் அறுபது செவிலியரின் தெரு நாலாம் எண்ணில் தொடங்க வேண்டியதாயிற்று. விதிப்படி அது தெருவே இல்லை. தேர்ச்சிக்கு எழுபது வேண்டும். அவள் வாங்கியது அறுபத்தெட்டு. ஒரு வாய்ப்புதான் பாக்கி. அன்று கூட்டுறவுக் கடை வழியாகப் போனபோது, அங்கே இருந்தவள் நட்பாகத்தான் கையசைத்தாள். வினார்த்தி பதிலுக்குக் கையசைக்காமல் வேகமாக நடந்தாள்.

மே மாதம் அவளுடைய அக்கா மகளுக்குக் கல்யாணம் வந்தது. தெருவை அடைத்துப் பந்தல். கணினிக்காரிக்குக் கணக்கு நன்றாக வரும் என்று நாற்காலிப் பொறுப்பை அவளிடம் கொடுத்தார்கள். நூற்று இருபது நாற்காலி. முன்வரிசையில் வெள்ளை உறை போட்ட நாற்பதை ஊர்த் தலைவருக்கும் அவர் பரிவாரத்துக்கும் ஒதுக்கினாள். அடுத்து பள்ளிவாசல் பெரியவர்கள், அடுத்து ஓய்வு பெற்ற அதிகாரிகள். மாப்பிள்ளை வீட்டார் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குப் பின்னால் மிச்சம் இருந்த சில நாற்காலிகள்தான்.

ஊர்த் தலைவர் மனைவியோடு வந்தார். பரிவாரம் என்று பார்த்தால் ஓட்டுநர் ஒருவர், அவரும் வண்டியிலேயே இருந்துவிட்டார். முப்பத்தெட்டு வெள்ளை நாற்காலிகளில் காற்று உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பேருந்திலிருந்து இறங்கிய பெண்கள் கையில் தட்டோடு, குதிகால் செருப்போடு, பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள். காலியான நாற்காலியில் போய் உட்கார ஒருத்திக்கும் துணிவு வரவில்லை. ஒரு கர்ப்பிணி மட்டும் பந்தல் காலில் சாய்ந்துகொண்டாள்.

மர்தியோனோ வந்து பக்கத்தில் நின்றான். "இதோ நிக்கிறாங்க பாரு, உன் கிடங்குக்காரங்க."

வினார்த்தி அந்தப் பெண்களை எண்ணினாள். இருபத்தாறு பேர். நின்றுகொண்டு சாப்பிட்டவர்கள் யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஒருத்தி அவளைப் பார்த்துச் சிரித்து, சூப் நன்றாக இருக்கிறது என்று வேறு சொன்னாள். அதுதான் அவளைச் சுட்டது. யார் பெரியவர் என்று பார்த்து நாற்காலி போட்டோமே தவிர, எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துப் போடவில்லையே என்று வெட்கமாக இருந்தது. இரண்டு வெள்ளை நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கர்ப்பிணிக்கு ஒன்றும், கால் மரத்துப்போன ஒரு கிழவிக்கு ஒன்றும் போட்டாள். ஊர்த் தலைவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

மூன்றாம் தேர்வு சுரபாயாவில். வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், மூக்குக் கண்ணாடிக் கடைக்குப் பக்கத்தில் இருந்த அறை. இந்தத் தடவை இயக்குநர் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கு மாறியிருந்தார். எண்கள் முதல் தேர்வில் வந்தவையேதான். வினார்த்தி ஒரு பெருமூச்சு விட்டாள். அறுபது தொழிலாளிகளுக்கு முதல் தெரு, சுழியத்திலிருந்து அறுபத்து மூன்று வரை. விற்பவர்களுக்கு அறுபத்துநாலிலிருந்து. கிடங்குக்குத் தொண்ணூற்றாறிலிருந்து. எல்லாரும் குடியேறிவிட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டிலிருந்து நாலு வீட்டுச் சந்து ஒன்று போட இடம் இருந்தது. இயக்குநரை அங்கே வைக்க வேண்டியதுதான் பாக்கி.

கை நின்றுவிட்டது. பிறகு பெரியவர்களைக் கடந்து போகும்போது செய்வதுபோல் தலையைக் குனிந்து, வலது கையைத் தாழ்த்தி நீட்டி, "மன்னிச்சுக்கோங்க, பாக்" என்று சொல்லிவிட்டு எண்ணைத் தட்டினாள்.

மேற்பார்வைக்கு இருந்த பெண் எழுந்து வந்தாள். "இபு, பேசக் கூடாது. யார்கிட்ட பேசுனீங்க?"

"டைரக்டர்கிட்ட."

"எந்த டைரக்டர்?"

வினார்த்தி திரையைக் காட்டினாள். அந்தப் பெண் குனிந்து கணக்கைப் படித்தாள். அவளும் ஜாவாக்காரிதானே. இன்னொரு தடவை பேசினால் தாளை ரத்து செய்ய வேண்டியிருக்கும் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனாள். மீதி நேரம் முழுவதும் வினார்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டே எழுதினாள்.

எண்பத்து மூன்று. ரயிலில் திரும்பி வரும்போது யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது; எதிர் இருக்கைக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பச் சங்கடமாக இருந்ததால் மாலாங் வரும் வரை தானே தனக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆய்வகத்தைத் திறந்தாள். இயந்திரங்கள் வழக்கம்போல முனகிக்கொண்டு எழுந்தன. சுவரில் ஒட்டிய தன் பழைய பட்டியல் கண்ணில் பட்டது. மேலே தலைமையாசிரியர் அறை: நூற்று இருபத்தெட்டு. அடுத்து துணைத் தலைமையாசிரியர்கள்: முப்பத்திரண்டு. ஆசிரியர் அறை, அலுவலகம்: தலா முப்பத்திரண்டு. கடைசியில் ஆய்வகம்: முப்பத்திரண்டு. அதில் பெயர்ப்பலகை, ஒலிபெருக்கி, வாசல் போக இருபத்தொன்பது. கணினிகளோ முப்பத்தாறு. பின்வரிசையில் ஏழு கணினிகளில் 'இணைப்பு இல்லை' என்று அவளே எழுதி ஒட்டிய தாள் பதினோரு வருடமாக மஞ்சளாகிக் கிடந்தது. எண்கள் தீர்ந்துவிட்டன, என்ன செய்வது, ஆய்வகம்தானே கடைசி என்றுதான் இதுநாள் வரை நினைத்திருந்தாள். பின்வரிசைப் பிள்ளைகள் பக்கத்து நாற்காலியில் ஒண்டிக்கொண்டு படித்தார்கள். அவர்களும் குறை சொன்னதில்லை. வினார்த்தி பட்டியலைச் சுவரிலிருந்து உரித்தாள்.

சான்றிதழை ஒரு கையிலும் சுவர்த் தாளை மறு கையிலும் எடுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். சான்றிதழோடு நிறுத்திக்கொண்டிருக்கலாம், அவள் இரண்டையும் மேசையில் வைத்தாள்.

"பாக், உங்க அறைக்கு நூத்தி இருபத்தெட்டு எண் ஒதுக்கியிருக்கேன். உங்ககிட்ட இருக்கறது ஒரு கணினி, ஒரு அச்சு இயந்திரம். மத்ததெல்லாம் சும்மாதான் கிடக்கு. மரியாதைக்குன்னு வெச்சது. அதனால பசங்க ஏழு பேருக்கு இல்லாம போச்சு. தப்பு என்னோடது."

பாக் ஹர்ஜித்தோ தாளைப் பார்க்கவில்லை. பேனாவின் மூடியைக் கழற்றினார், மாட்டினார்.

"எனக்குத் தெரியும், இபு."

"தெரியுமா?"

"நான் இங்க வந்த மொத வாரமே சுவத்துல பார்த்துட்டேன். எனக்கும் கொஞ்சம் கணக்கு வரும்."

"அப்ப ஏன் சொல்லலை, பாக்?"

"நீங்க பதினோரு வருஷமா இருக்கறவங்க. நான் நேத்து வந்தவன். இந்த நாற்காலி மேல இருக்கற மரியாதையில செஞ்சிருக்கீங்க. மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? சுங்கானா இருந்துச்சு." மூடியை மறுபடியும் கழற்றினார். "அதான் சுற்றறிக்கை போட்டேன். படிச்சா நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்கன்னு."

வினார்த்தி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "கூட்டுறவுக் கடை?"

"அது சும்மா சேர்த்தது. அங்கதான் ஏற்கெனவே ஆள் இருக்கே."

வருடம் முழுக்கத் தின்ற பயம், கழிப்பறையில் அழுத அழுகை, பழுப்புத் தாள் கட்டுக் கட்டாக, சுரபாயா ரயில் எல்லாம் ஒன்றாகத் தொண்டைக்கு வந்தன. அவள் வாயைத் திறந்தாள். "நன்றி, பாக்" என்று சொல்லிவிட்டுக் குனிந்தபடி வெளியே வந்தாள்.

மத்தியானம் புதிய பட்டியல் போட்டு முடித்தாள். ஆய்வகத்துக்கு அறுபத்துநாலு, முதல் தெரு. பின்வரிசை ஏழு இயந்திரங்களிலும் மஞ்சள் தாளைக் கிழித்தாள். பசை ஊறிப்போயிருந்ததால் நகம் தேய்ந்தது. மணி அடித்ததும் பின்வரிசைப் பிள்ளைகள் பழக்கத்தில் பக்கத்து நாற்காலிக்கே போய் ஒண்டினார்கள். அவரவர் இடத்துக்குப் போகச் சொல்லி ஒவ்வொருவரையும் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு வண்டிக்குப் பின்னால் முக்காலியில் வந்து உட்கார்ந்தாள். மர்தியோனோ முழுக் கதையும் கேட்டான்.

"நன்றின்னா சொன்ன? அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் வந்துச்சு."

"என்னதான் ஆளோ நீ."

அவள் கிண்ணத்து சூப்பைக் கடைசிச் சொட்டு வரை குடித்தாள். "அவருக்கு எட்டு வீட்டுத் தெரு குடுக்கறதாத்தான் இருந்தேன், பாக். நாலாக்கிட்டேன்."

மர்தியோனோ விரல் விட்டு எண்ணினான். அந்த வருடத்தில் அவனுக்கும் கணக்கு பழகியிருந்தது. "பலகை ஒண்ணு, ஒலிபெருக்கி ஒண்ணு, வாசல் ஒண்ணு. கணினி ஒண்ணு. அப்ப அவரோட அச்சு மெஷினு?"

"ஆபீஸ்ல வெச்சாச்சு. அச்சு எடுக்கணும்னா நடந்து வந்து எடுத்துக்கட்டும்" என்றாள் வினார்த்தி.